அவனுக்குத் தமிழ் தெரியாது

உக்காருங்கக்கா, தாராளமா உக்காருங்க. ஏய் தாமிரா, காலை மடக்கு சாமி, பெரியம்மா உக்காரட்டும். அவ தூங்கலக்கா, சும்மா கண்ணை மூடிக்கிட்டுக் கிடப்பா. விருதுநகர்ல இம்புட்டு நேரம் வண்டியைப் போட்டு ஆளை அவிச்சுட்டான். இப்ப கிளம்பிருவான், காத்து வரும்.

சிவகாசிக்கா? கல்யாணப் பத்திரிகை அடிக்கவா! யாருக்கு, மகளுக்கா? நல்லாருக்கட்டும். காரியாபட்டியிலேர்ந்து இதுக்குன்னே வாரீங்களா. பாத்துக்கா, மாடலைக் காட்டிக் காட்டியே மண்டையைக் குழப்பிருவாங்க. முதல்ல எது பிடிக்குதோ அதையே சொல்லிட்டு வெளிய வந்துருங்க.

எனக்கு அந்த ஊருதான். மாரீஸ்வரின்னு பேரு. பொறந்தது, படிச்சது, பி.எட். முடிச்சது எல்லாம் இங்கதான். இப்ப ஒம்பது வருசமா அமெரிக்கா. டெக்ஸாஸ்னு ஒரு பக்கம். ஏன் அப்படிப் பாக்குறீங்க? அமெரிக்காக்காரி எதுக்கு இந்த பஸ்ல இடிபடுறான்னுதானே? என் தம்பி மதுரை ஏர்போர்ட்டுக்குக் காரை எடுத்துட்டு வந்தான். பெட்டியை எல்லாம் அதுல ஏத்தி, நீ முன்னால போ, நான் பஸ்ல வாரேன்னுட்டேன். உனக்குக் கோட்டியா பிடிச்சிருக்குன்னு கேட்டான். இருக்கட்டும்னேன். பஸ்னா நாலு பேரு பேசுற சத்தம் இருக்கும்ல. ஒம்பது வருசமாச்சுக்கா நாலு பேரு சேந்து சத்தமாப் பேசிக் கேட்டு.

என்ன சாமி? தண்ணியா? இந்தா.

தொண்டை கட்டலக்கா. அவ பேசுறதே இப்ப இப்படித்தான், ரகசியம் மாதிரி. மூணு மாசம் ஆச்சு. அங்க டாக்டர் வாய்க்குள்ள லைட்டை அடிச்சுப் பாத்துட்டு, தொண்டையில ஒரு குறையும் இல்லை, தானா சரியாகும்னு சொல்லிட்டாரு. ஏழு வயசுப் பிள்ளை. எம்புட்டு வாயாடி தெரியுமா. இப்ப இன்னொரு கூத்து. அங்க இருந்தப்ப கடைசி மூணு மாசம் பூராத் தமிழ்லதான் ரகசியம் பேசினா. மதுரையில காலை வெச்ச நிமிசத்துலேர்ந்து இங்கிலீஷ்! அங்க எல்லாரும் இங்கிலீஷ் பேசினா இவ தமிழ், இங்க எல்லாரும் தமிழ் பேசினா இவ இங்கிலீஷ். எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பாட்டு. அப்படியே அவங்க அப்பா.

அவரு வரலை. தினகரன்னு பேரு, நாமக்கல் பக்கம். கம்ப்யூட்டர் வேலைதான், வேற என்ன. நல்ல மனுசன்க்கா, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா காலையில போனா பொழுது சாஞ்சுதான் வருவாரு. எனக்கு அங்க வேலைக்குப் போக அனுமதி இல்லை, புருசன் விசாவுல ஒட்டிக்கிட்டு வந்தவ. பெரிய வீடு. பெரிய ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ் உர்ர்னு ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். அது நிக்கிற நேரத்துல வீடு கிடக்கிற கிடை இருக்கே, அய்யோ. சில நாள் நானே வாய்விட்டு, "என்ன, நின்னுட்டியா?"ன்னு அதுகிட்டக் கேப்பேன். சிரிக்கிறீங்க. எனக்கு விடியிறப்ப எங்கம்மாவுக்கு இங்க பொழுது அடைஞ்சிரும். போன் போட்டா அஞ்சு நிமிசத்துல கொட்டாவி விடுவாங்க. தெருவுல ஆளே நடமாடாது. தபால்காரர் ஒருத்தர் பன்னெண்டு மணிக்கு வருவாரு, கையை ஆட்டுவாரு. அவரு கையை ஆட்டுறதுக்காக நான் நல்ல புடவை கட்டிட்டு நின்ன நாளெல்லாம் உண்டு. இதை எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிருக்கேனா? சொன்னா வருத்தப்படுவாரு.

இவ ஒருத்திதான் எனக்கு. அவளும் பள்ளிக்கூடம் போனதுலேர்ந்து இங்கிலீஷ்காரி ஆயிட்டா. நான் தமிழ்ல கேட்டா அவ இங்கிலீஷ்ல பதில் சொல்லுவா. பெத்த பிள்ளைகிட்டப் பேசுறதுக்கே நாக்கு கூசும்.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து, "அம்மா, இன்னிக்கு லாக்டவுன்"ன்னா. நான் கொரோனா திரும்ப வந்துருச்சுன்னு நினைச்சு அரிசியை அளந்து பாத்தேன். அது இல்லையாம். துப்பாக்கியைத் தூக்கிட்டு ஒருத்தன் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துட்டா என்ன செய்யணும்னு பழகிக் கொடுக்கிறதாம். லைட்டை அணைக்கணும், கதவைப் பூட்டணும், மூலையில ஒண்டி உக்காந்து மூச்சு விடாம இருக்கணும். ரொம்ப அமைதியா இருந்த பிள்ளைக்கு டீச்சர் ஒரு லாலிபாப் கொடுப்பாங்க. இவதான் லாலிபாப் வாங்குவா, ஒவ்வொரு தடவையும்.

அதை வீட்டுலயும் விளையாடணும்னா. துணி தொங்கவிடுற அறை ஒண்ணு இருக்கும்க்கா அங்க, ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு. அதுக்குள்ள ரெண்டு பேரும் போய் என் பட்டுப்புடவைக்கு அடியில உக்காந்து கதவைச் சாத்திக்குவோம். இருட்டு. அவ என் மடியில ஏறிக்குவா. என் காதுக்குள்ள வாயை வெச்சு, "தமிழ்ல பேசும்மா"ன்னா. ஏண்டின்னேன். "அவனுக்குத் தமிழ் தெரியாது"ன்னா. யாருக்குடின்னேன். "கெட்டவனுக்கு"ன்னா.

எப்படி யோசிச்சிருக்கு பாருங்க! அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டாலும் புரியாதாம். அன்னையிலேர்ந்து தினம் மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததும் அந்த அறைக்குள்ளதான் நாங்க. இவ அழகாத் தமிழ் பேசுவா, கிளி மாதிரி. யாரு யாரை அடிச்சா, யாரு சாப்பாட்டுல என்ன கொண்டு வந்தா, எல்லாம் காதுக்குள்ள கொட்டுவா. நானும் எங்க தெரு, எங்கப்பா, எங்க ஊரு தீபாவளி எல்லாம் சொல்லுவேன். பொய் சொல்லலக்கா, ஒம்பது வருசத்துல நான் சந்தோசமா இருந்த நேரம் அதுதான். காலையிலேர்ந்து எப்படா மூணு மணி ஆகும், எப்படா போய் ஒளிவோம்னு இருக்கும். அந்த விளையாட்டைக் கண்டுபிடிச்ச டீச்சருக்குக் கோடிப் புண்ணியம்னு நினைச்சிருக்கேன்.

டிக்கெட்டா? ரெண்டு சிவகாசி. இவளுக்கு அரை.

அப்புறம் அந்த சனிக்கிழமை. இந்திய மளிகைக் கடைக்கு நானும் இவளும் போயிருந்தோம். அவரு எங்களை இறக்கிவிட்டுட்டு வண்டிக்கு எண்ணெய் போடப் போயிட்டாரு. வரிசையாப் பத்து இருவது கடை, முன்னால கார் நிறுத்துற இடம். நான் முருங்கைக்காய் பொறுக்கிட்டு இருக்கேன், வெளிய படபடன்னு சத்தம்.

எனக்குக் கேட்ட உடனே தெரிஞ்சுபோச்சு. இது வெடி இல்லைன்னு. வெடிச் சத்தத்துக்கு ஒரு இழுவை இருக்கும்க்கா, காகிதம் கிழியுற சத்தம் பின்னாலயே வரும். இதுல அது இல்லை, மொட்டையா இருந்துச்சு. பிள்ளையை ஒரே தூக்கு, பின்னால அரிசி மூட்டை அடுக்கியிருக்கிற அறைக்குள்ள ஓடி லைட்டை அணைச்சுட்டேன். பதினோரு நிமிசம். போலீஸ் வந்து கதவைத் தட்டுற வரைக்கும். ரெண்டு கடை தள்ளி, ஐஸ்கிரீம் கடை வாசல்ல அஞ்சு பேரு போயிட்டாங்க. சுட்டவனுக்கு மீசைகூடச் சரியா முளைக்கலை. போன வாரந்தான் கடையில போய் வாங்கினானாம் அந்தத் துப்பாக்கியை. சட்டப்படி. ரசீதோட.

ஆமாக்கா, கும்பிடுற சாமி காப்பாத்துச்சு. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அவரு ஊரெல்லாம் சொல்லிட்டாரு, "எம் பொண்டாட்டி சிவகாசிக்காரி, காதாலேயே எடை போடுவா, வேற பொம்பளையா இருந்தா வேடிக்கை பாக்கப் போயிருப்பா"ன்னு. அதுக்கு அடுத்த வாரம் தமிழ்க் குடும்பமெல்லாம் ஒரு வீட்டுல கூடினோம். ஆளுக்கு ஒரு சாப்பாடு செஞ்சு கொண்டு போறது அங்க வழக்கம். எனக்கு ஒரே பாராட்டு. தட்டுல எனக்குத்தான் முதல் வடை. இவ என் பக்கத்துல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா.

சாப்பிட்டு முடிச்சதும் ஆம்பளைங்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தர், அந்தப் பையனுக்கு மனநோய்ங்கிறாரு. ஒருத்தர் வீடியோ கேம்ங்கிறாரு. ஒருத்தர் அப்பன் ஆத்தா வளர்ப்புங்கிறாரு. ஒருத்தர், பள்ளிக்கூடம் கடை எல்லாத்துக்கும் ஒரே வாசல் வெச்சாச் சரியாப் போகும்ங்கிறாரு. ஒருத்தர் மட்டும், "துப்பாக்கி இல்லாட்டி எதை வெச்சுச் சுட்டிருப்பான்?"னு கேட்டாரு. அவரை எல்லாரும் சேந்து அமுக்கிட்டாங்க. ஜவஹர்னு தேனிப் பக்கத்துப் பையன், எங்க வீட்டுக்காரரோட வேலை பாக்கிறவன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? காருக்குப் போய் ஒரு பெட்டியை எடுத்தாந்து, பாயசம் இருந்த மேசையில வெச்சுத் திறந்தான். உள்ள கன்னங்கரேல்னு துப்பாக்கி. "அண்ணே, துப்பாக்கி ஒண்ணும் தானாச் சுடாது. கூறு கெட்டவன் கையில இருந்தாத்தான் வம்பு. நாம வெச்சிருந்தாப் பாதுகாப்பு"ங்கிறான். எங்க வீட்டுக்காரர் அதைக் கையில எடுத்து எடை பாத்தாரு.

வீட்டுக்கு வந்து, நாமளும் ஒண்ணு வாங்கிருவோமான்னாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். எங்க ஊருல ஒரு கம்பி மத்தாப்பு செய்யணும்னாலே எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கணும்? பெரிய கம்பெனின்னா நாக்பூர் வரைக்கும் போய் லைசென்ஸ் வாங்கணும். இங்க மனுசனைக் கொல்ற சாமானைக் கத்தரிக்காய் மாதிரி வாங்கிட்டு வரலாமா? முடியாதுன்னேன். பிள்ளையைக் கூட்டிட்டு எங்க ஊருக்குப் போறேன், அங்க துப்பாக்கின்னா போலீஸ் தோளுல பாத்ததோட சரி, எம்பிள்ளை பயமில்லாம இருக்கும்னேன்.

அதுக்கு அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? "உங்க ஊருல வருசத்துக்கு எத்தனை பேரு வெடிச்சுச் சாகுறாங்க மாரி?"ன்னாரு. பொசுக்குனு கேட்டுட்டாரு. அதுவும் எங்கிட்ட.

அது விபத்துங்க, அதுவும் இதுவும் ஒண்ணான்னேன். "செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே"ன்னாரு. எம்புட்டு வாய் பாத்தீங்களா? எனக்கு விட மனசில்லை. பட்டாசு ஒண்ணும் தானா வெடிக்காதுங்க. கூறு கெட்டவன் கையில கொடுத்தாத்தான் வம்பு. ரூமுக்கு நாலு ஆளு, வெயில் ஏறுறதுக்குள்ள வெடிமருந்து வேலையை முடிச்சிரணும், இப்படிச் சட்டப்படி நடந்தா ஒண்ணும் ஆகாதுன்னேன். அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் சிரிக்கிறாரு! "ஜவஹரும் இதைத்தானே சொல்றான்"ங்கிறாரு. இதுல சிரிக்கிறதுக்கு என்னக்கா இருக்கு? பட்டாசு பிள்ளைங்க சந்தோசத்துக்கு இருக்கிறது. எங்க ஊருக்கே அதுதான் சோறு. துப்பாக்கியால யாருக்குச் சோறு? அவருக்குப் புரியாது, நாமக்கல்காரருக்கு முட்டையும் கோழியுந்தான் தெரியும்.

எங்கப்பா அதுலதான் போனாரு. அதனாலதான் அவரு கேட்டது எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

குருவையான்னு பேரு. மருந்து கலக்குறவரு. வேலை முடிஞ்சு வாரப்ப உடம்பெல்லாம் வெள்ளிப்பொடி, மினுமினுன்னு இருப்பாரு. சோப்பு போட்டுக் குளிச்சாலும் காது மடல்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். சாயங்காலத்துல ஊரைச் சுத்திக் கம்பெனிகள்ல டெஸ்ட் போடுவாங்க, செஞ்ச சரக்கு சரியா வெடிக்குதான்னு. நான் வாசல்ல இருந்துக்கிட்டு, சத்தத்தை வெச்சே, இது லட்சுமி வெடி, இது அணுகுண்டு, இது ஆயிரம் வாலான்னு சொல்லுவேன். ஒண்ணுகூடத் தப்பாது. அப்பா தெருவுல போறவனை எல்லாம் நிறுத்தி, "எம்மக காதைப் பாருடா"ம்பாரு. பாம்புக் காதுன்னுதான் எனக்குப் பட்டப்பேரு.

நான் ஒம்பதாப்பு படிக்கிறப்ப. இதே மாதிரி வெயில்தான். பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு சாப்பிட்டுட்டு இருக்கோம், மேற்க பெரிய சத்தம். பிள்ளைங்க எல்லாம் டப்பாவைப் போட்டுட்டு மொட்டை மாடிக்கு ஓடுதுங்க, புகை பாக்க. எங்க ஊருல அப்படித்தான். சத்தம் கேட்டா எல்லாரும் முதல்ல மாடிக்கு ஓடுவாங்க. டெஸ்ட்டுன்னா வெள்ளையாக் கொஞ்சம் வந்து கலைஞ்சிரும். ரூமு வெடிச்சுப் போச்சுன்னா கறுப்பா எந்திரிச்சு நிக்கும். எந்தத் திசைன்னு பாத்து, அந்தப் பக்கம் அப்பன் ஆத்தா வேலை பாக்குறவங்க அழ ஆரம்பிப்பாங்க.

நான் எந்திரிக்கலக்கா. "உக்காருங்கடி, டெஸ்ட்டு"ன்னேன். பாம்புக் காது சொன்னா அப்பீல் ஏது? ரெண்டு பேரு திரும்பி வந்து உக்காந்துட்டாளுங்க. நான் புளிச்சோறை மிச்சம் வைக்காமத் தின்னு, கை கழுவி, டப்பாவையும் கழுவி வெச்சேன். அப்புறந்தான் வாட்ச்மேன் வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு.

பேப்பர்ல உராய்வுன்னு போட்டிருந்துச்சு. எப்பவும் உராய்வுதான். போர்மேன் கைது, ஓனர் தலைமறைவு, லைசென்ஸ் ரத்து. மந்திரி வந்து ஆறுதல். ரூமுக்கு ஆளு அதிகம்னு ஒருத்தரு, உள்குத்தகைன்னு ஒருத்தரு, கலக்குனவன் கவனமில்லைன்னு ஒருத்தரு. அது எங்கப்பாவைத்தான். மூணு மாசத்துல கம்பெனி திரும்ப ஓடுச்சு. ஓடத்தானே வேணும். எங்கம்மாவே அதுலதான் திரி சுத்தப் போனாங்க. போகலைன்னா நான் எங்க பி.எட். படிச்சேன்?

அழலக்கா. தூசி. இருங்க, தொடைச்சுக்கிறேன்.

அக்கா. உங்களை எனக்கு யாருன்னே தெரியாது. சிவகாசியில இறங்கினா நீங்க அங்கிட்டு, நான் இங்கிட்டு. அதனால சொல்றேன். இவ கேட்டாலும் பரவாயில்லை, இவளுக்குத் தெரிஞ்சதுதான்.

நான் முன்ன சொன்னது பொய்.

அந்த இழுவை, மொட்டைச் சத்தம், அதெல்லாம் பின்னாடி ராத்திரி பூரா யோசிச்சு நானாக் கண்டுபிடிச்சது. அந்தக் கடையில சத்தம் கேட்டப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சரவெடி. ஒம்பது வருசத்துக்கப்புறம் சரவெடி! யாரு வீட்டுக் கல்யாணமோன்னு நினைச்சேன். எனக்கு அப்படி ஒரு சந்தோசம்க்கா. ஊரே வந்துட்ட மாதிரி. "தாமிரா, வா வா, சரவெடி, எங்க ஊரு வெடி, வந்து பாரு"ன்னு இவ கையைப் பிடிச்சுத் தரதரன்னு கண்ணாடிக் கதவுக்கு இழுத்துட்டுப் போனேன். கதவுல கை வெச்சுட்டேன். தள்ளிட்டேன்கூட.

இவதான் நின்னா. ஏழு வயசுப் பிள்ளை, என் புடவையை ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பின்னால சாஞ்சு நிக்கிறா. "நோ அம்மா, நோ"ங்கிறா. நான் வையிறேன் அவளை, "என்னடி பயந்தாங்கொள்ளி, வெடிதானே"ன்னு. அப்ப ஒருத்தர் வெளிய ஓடி வந்தாரு. வந்தவரு எங்க கண்ணு முன்னால உக்காந்த மாதிரி விழுந்தாரு. அப்புறந்தான் எனக்கு உரைச்சுச்சு. இவதான் என்னை இழுத்துட்டுப் போனா. இவதான் அரிசி மூட்டைக்குப் பின்னால உக்காத்தி வெச்சா. லைட்டை எக்கி எக்கி அணைச்சதும் இவதான். நான் "அய்யோ அய்யோ"ன்னு வாய் ஓயாம அரற்றிக்கிட்டே இருந்தேன். இவ என் வாயைக் கையால பொத்தி, காதுக்குள்ள, "தமிழ்ல அழும்மா. மெதுவா அழும்மா. அவனுக்குத் தமிழ் தெரியாது"ங்கிறா.

போலீஸ் வந்துச்சு, அவரு ஓடி வந்தாரு. "எப்படிடி தெரிஞ்சுச்சு உனக்கு?"ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே, "சிவகாசிக்காரிடா"ன்னு பெருமையாச் சொல்லிட்டாரு. நான் ஆமான்னுட்டேன். இவ என்னை நிமிந்து பாத்தா. அன்னையிலேர்ந்துதான் இந்த ரகசியக் குரல். என்னைக் காட்டிக் கொடுக்கலக்கா அவ. ஒரு வார்த்தை அப்பாகிட்டச் சொல்லலை. அந்த அறைக்குள்ள விளையாடக் கூப்பிட்டேன், வரலை. நான் மட்டும் போய் ஒத்தையில உக்காந்திருப்பேன், மூணு மணிக்கு.

அவருக்கு ஆகஸ்டுல திரும்பி வாரோம்னு சொல்லிருக்கேன். டிக்கெட்டும் அப்படித்தான் இருக்கு. ஆனா நான் போகப் போறதில்லை. இங்க பள்ளிக்கூடத்துல எங்கம்மாவை விட்டு ரெண்டாப்புக்குப் பேசி வெச்சாச்சு. அவருகிட்ட மெதுவாச் சொல்லிக்கலாம். கோவப்படுவாரு. படட்டும். பிள்ளை உசிரு முக்கியமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. இங்க வந்தா நாலு பேரோட சத்தமாப் பேசுவா, தொண்டை தானாத் திறந்துக்கும். எம்பிள்ளையை ஒரு பயமும் அண்டாத இடத்துக்குக் கொண்டாந்துட்டேன்க்கா. இனி அவ எதுக்கு ஒளியணும்?

ஆமத்தூர் தாண்டிருச்சா? இன்னும் கொஞ்ச நேரந்தான். அந்தா, வேலிக்கு அங்கிட்டுச் சின்னச் சின்னதா ஒத்தை ஒத்தையா ரூமு தெரியுதுல்ல, அதெல்லாம் பட்டாசுக் கம்பெனிதான். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கக் கூடாதுன்னு தள்ளித் தள்ளிக் கட்டிருப்பாங்க. தீபாவளி வருதுல்ல, இப்ப வேலை மும்முரமா...

ஆத்தாடி!

ஒண்ணுமில்லக்கா, பயப்படாதீங்க. டெஸ்ட்டு. சரக்கு போட்டுப் பாக்குறாங்க. இந்த நேரத்துல போடுறதுதான். எனக்குத் தெரியாதா, அணுகுண்டு மாதிரித்தான் இருக்கு... தாமிரா? தாமிரா எங்க? இப்பத்தானே இங்க இருந்தா... அக்கா, காலைத் தூக்குங்க. அடியில போய்ட்டா. சீட்டுக்கு அடியில. வெளிய வா சாமி, ஒண்ணுமில்லை, வெடிதான். எங்க ஊரு வெடிடா. நான் சொல்றேன்ல. அம்மா சொல்றேன்ல.

வர மாட்டேங்குறாக்கா. என்னையும் இழுக்குறா. இருடி, வாரேன், கையை விடு, வாரேன். அக்கா, கொஞ்சம் நகந்துக்கோங்க, நான் கீழ உக்காந்துக்கிறேன். பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டும். இந்தா வந்துட்டேன் சாமி. அம்மா வந்துட்டேன். ஏன் என் வாயைப் பொத்துற? என்ன? என்ன சொல்ற?

அக்கா.

தமிழ்ல பேசாதேங்குறாக்கா. இங்கிலீஷ்ல பேசுங்குறா. இங்க அவனுக்குத் தமிழ் தெரியுமாம்.

அதுக்குத்தானாடி? மதுரையிலேர்ந்து அதுக்குத்தானா? நான் உன்னை எதிர்ப்பாட்டுன்னு... அய்யோ எஞ்சாமி.

இன்னொண்ணு. கேட்டுச்சா உங்களுக்கு? முன்னதைவிடக் கனமா இருந்துச்சுல்ல? டிரைவரு ஏன் வண்டியை ஓரங்கட்டுறாரு? டெஸ்ட்டுதான். டெஸ்ட்டாத்தான் இருக்கும். ரெண்டு தடவை இந்தக் காது... ஆமா சாமி, பேசலை, மெதுவா, மெதுவா.

அக்கா, இங்கிட்டு நகந்து ஜன்னல்ல எட்டிப் பாருங்க. மேற்க பாருங்க. புகை வருதா? வெள்ளையா வருதா, கறுப்பா வருதாக்கா? என் காதை நம்பாதீங்க, உங்க கண்ணால பாத்துச் சொல்லுங்க.